மேச்சேரி ஆட்டுக்கு ஏது இத்தனை ரோமம்?

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. எனக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, கவலைப்பட வேண்டாம். போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாணவர்கள் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு ஹாலில் உங்கள் ஓவியங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். நல்ல கூட்டம். காபிகூட நன்றாக இருந்தது.

நடுச்சுவரில் ‘மேச்சேரி மேய்ச்சல்’. உங்களுக்குப் பேர் வாங்கித் தந்த படம். நான் மேச்சேரியில் ஆட்டுப்பட்டிக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். நீங்கள் வரைந்த அன்றே கேட்டேன், “ஏனுங்க, எங்கூரு ஆட்டுக்கு ஏதுங்க இத்தனை ரோமம்? கம்பளி முடியே இருக்காதுங்களே.” “ஓவியத்தப் பத்தி உனக்கென்ன தெரியும்?” என்றீர்கள். நான் கேட்டது ஆட்டைப் பற்றி.

கண்காட்சிக்கு முன்னால் உங்கள் பீரோவைக் காலி செய்தபோது விடை கிடைத்தது. உங்கள் வேட்டிகளுக்கு அடியில் ஒரு கட்டு அச்சுப்படங்கள். யாரோ வெள்ளைக்காரர்கள் எந்தக் காலத்திலோ செதுக்கி அச்சடித்தவை. அதே சரிவு, அதே ஒற்றை மரம், அதே வளைந்த பாதை, அதே ரோமம் அடர்ந்த ஆடுகள். மண்ணைச் சிவப்பாக்கி, ஆட்டுக்காரன் தலையில் துண்டு கட்டியது மட்டும்தான் உங்கள் கைவேலை.

அதற்குக்கூட நான் கோபப்படவில்லை. அந்தக் கட்டுக்குள் இன்னொரு அச்சுப்படம் இருந்தது. ஏரிக்கரை, உடைந்த பாலம். நம் மகள் கயல் பள்ளிக்கூடம் போகிற வயதில் வரைந்து, ஓடி வந்து உங்களிடம் காட்டியது இதே காட்சியைத்தானே? ஏதோ பழைய பத்திரிகையில் இந்தப் படத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். விருந்தாளிகள் முன்னால், “காப்பியடிச்சத அப்பன்கிட்டயே காட்டுறியா? திருட்டுக் கை” என்று சொல்லி, அவள் கையாலேயே கிழிக்க வைத்தீர்கள். பார்த்த நொடியில் காப்பி என்று எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அன்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அதன் பிறகு அவள் பிரஷ்ஷைத் தொடவில்லை. இப்போது குமாரபாளையத்தில் துண்டு நெய்கிற ஒரு கம்பெனியில், வெளிநாட்டுக்காரர் அனுப்பும் டிசைனை அப்படியே கம்ப்யூட்டரில் எடுத்துக் கொடுக்கிறாள். காப்பியடிக்கத்தான் சம்பளம். சந்தோஷமா?

கண்காட்சியில் உங்கள் ஓவியங்களுக்குப் பக்கத்தில் அந்தந்த அச்சுப்படத்தை நானே மாட்டினேன். உங்கள் மாணவர் செல்வம் ஓடி வந்தார். “வேண்டாங்கம்மா, சாருக்கு அசிங்கங்க.”

“அதுக்குத்தான் சாமி மாட்டுறேன்” என்றேன்.

கயல் வந்தாள். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். உங்களைத் திட்டுவாள் என்று ஆசையாகக் காத்திருந்தேன். “இது தப்பில்லீங்கம்மா” என்றாள். “பெரிய ஓவியருங்களே பழைய படத்தப் பாத்துத்தான் மலைய எங்க வெக்கிறது, மரத்த எங்க வெக்கிறதுன்னு கத்துக்கிட்டாங்க. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டிருந்தேன்னு அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்குமே.”

தெரிந்திருக்கும்தானே? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் உங்களுக்கு என்ன குறைந்து போயிருக்கும்?

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் பேப்பரும் பென்சிலும் கொடுத்தேன். கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “கை வரலீங்கம்மா” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அவள் உங்களை மன்னித்துவிட்டாள். அது அவள் குணம். நான் உயிரோடு இருக்கும்வரை மன்னிக்க மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
கயலின் அம்மா