பொதுத் தராசு

அன்புள்ள உங்களுக்கு,

நானும் பாப்பாவும் நலம். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

நம் காய்கறிச் சந்தையில் ஓர் அதிசயம் நடந்தது. எடையில் கைவைத்து, விவசாயமே வேண்டாம் என்று உங்களை ஊரைவிட்டுப் போகவைத்தாரே, சந்தைத் தலைவரின் மச்சான், அவருடைய கடையை மூடிவிட்டார்கள். புதிதாக வந்த எடை அதிகாரி எல்லார் முன்னாலும் அந்தக் கடைத் தராசைச் சோதித்தார். தலைவர் ஓடிவந்து, "நம்ம ஆளும்மா, கொஞ்சம் பாத்துப் பண்ணுங்க" என்றார். "எனக்கு எல்லாருமே நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா சீல் வைத்தார்.

அதற்குப் பிறகு யாரும் வீட்டுத் தராசைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு வருவதில்லை. அந்த அம்மா சந்தை நடுவில் வைத்த பொதுத் தராசு சொன்னால் சரி என்கிறார்கள். சண்டை சச்சரவு இல்லை என்பதால் வெளியூர் வியாபாரிகள் லாரியோடு வருகிறார்கள். தரிசாகக் கிடந்த நிலமெல்லாம் பச்சை கட்டியிருக்கிறது. நானும் கிணற்றடியில் மட்டும் தக்காளி போட்டேன். நீங்கள் இருந்திருந்தால் பாத்தி நேராக இருந்திருக்கும்.

நேற்று லாரிக்காரர், "எவ்வளவு போட்டாலும் எடுத்துக்கறேன். மீதி நிலத்தைப் பாக்க ஆள் இல்லையா?" என்று கேட்டார்.

"இருக்காரு. வெளியூர்ல கட்டட வேலை. இந்த நடவுக்கு வந்துடுவாரு" என்றேன்.

உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன். லாரி போன பிறகும் வாசலிலேயே நின்று தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா வந்து, "யாரும்மா வராங்க?" என்று கேட்டாள்.

மீதி நிலத்துக்கும் நாற்று விட்டிருக்கிறேன். முற்றிவிட்டால் நடவுக்கு ஆகாது.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி