லாகினில் இன்னொருவர்

ஜூலை 8, செவ்வாய்

விடிந்ததிலிருந்து சாரல். துணி எதுவும் காயவில்லை. கம்ப்யூட்டர் கேஸைத் திறந்து ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களை மாற்றினேன். ஃபேனுக்குப் பின்னால் பல்லி முட்டை, இரண்டு. குத்துக்கல்வலசைக்கு வீடு மாறியபோது காற்றைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார்கள். மதர்போர்டு பூசணம் பிடிக்கும் என்று ஒருத்தர்கூடச் சொல்லவில்லை.

வேலைகள்: இன்வெர்ட்டருக்குத் தண்ணீர். எதிர்வீட்டு அக்காவின் பிரின்டர் (மை காய்ந்திருக்கும், வேறென்ன). நஸ்ரின் பிள்ளைக்கு ஸ்கூல் போகப் புதுக் குடை, போன வாரம்தான் ஒன்று தொலைத்தாள்.

நேற்றுப் பார்த்த மலையாளப் படத்தில் தவறுகள்: மூன்று. போலீஸ்காரர் உள்ளே வரும்போது சட்டை நனைந்திருக்கிறது, உட்கார்ந்ததும் காய்ந்துவிட்டது. மற்ற இரண்டும் சின்னவை.

பதினொன்றேகாலுக்குக் கம்ப்யூட்டரில் விளையாட உட்கார்ந்தேன். பத்து நிமிடம்தான். "இந்தக் கணக்கு வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது" என்று காட்டி வெளியே தள்ளிவிட்டது.

பின்னால் எனக்கே மறந்துவிடும், எழுதி வைக்கிறேன். இந்த விளையாட்டை வாங்கியது ஒரே கணக்கில். நானும் மச்சானும், புருஷன் பெண்டாட்டி இருவரும் ஒரே லாகின். ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே. அதனால் நேரம் பிரித்துக்கொண்டோம். துபாயில் அவர் டியூட்டியில் இருக்கும் பகல் எனக்கு, ரூமுக்குத் திரும்பிய பிறகு அவருக்கு. நாலு வருடமாக இதில் ஒரு சண்டை வந்ததில்லை. இருவரும் ஒரே ஊரைத்தான் கட்டுகிறோம். பகலில் நான் ரோடு போடுவேன், அவர் வந்து அதை இடித்து வேறு பக்கம் போடுவார். கல்யாணமாகி நாங்கள் சேர்ந்து செய்கிற ஒரே வேலை இதுதான் என்று மாமியிடம் சொன்னால் புரியாது.

மறுபடி உள்ளே போனபோது மணி ஒன்று. பாதியில் விட்டிருந்த அணை கட்டி முடிந்திருந்தது. மதகு வைத்து, தண்ணீர் நிரப்பி.

பகல் பன்னிரண்டு மணிக்கு யார் வந்து அணை கட்டியது?

ஜூலை 9, புதன்

இன்றும். 11.20க்கு வெளியே.

சந்தேகப் பட்டியல்:
1. ஹேக்கர். ஆனால் ஹேக்கர் வந்து அணை கட்டிவிட்டா போவான்? பொருட்களைத் திருடி விற்பான்.
2. மச்சானின் ரூமில் இருக்கும் எவனாவது, அவர் டியூட்டிக்குப் போன பிறகு லேப்டாப்பை எடுத்து.
3. எழுத மனம் வரவில்லை.

பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன். மச்சானிடம் (இனி ம., கை வலிக்கிறது) சொல்லவில்லை. ரூமுக்கு வந்து விளையாட உட்கார்ந்தால் எப்படியும் கேட்பார். அப்போது சொல்லலாம்.

பிரின்டர் சரியானது. நினைத்தது போல மைதான். அக்கா ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள்.

ஜூலை 10, வியாழன்

11.45. போன். ம.தான்.

"ஜமீ, கேம் ஓப்பன் ஆவ மாட்டேங்குது. பாஸ்வேர்டு மாத்துனியா?"

"டியூட்டி இல்லையா மச்சான்?"

"லஞ்ச்ல இருக்கேன்."

"அங்கன மணி பத்தேகால்லா ஆவுது?"

"டீ பிரேக்குன்னு சொல்ல வந்தேன். தூக்கக் கலக்கம்."

"லேப்டாப் ரூம்லதான கெடக்கும்?"

"போன்ல பாத்தேன்டி. சரி, வேல கெடக்கு, வைக்கேன்."

இந்த விளையாட்டு போனில் ஓடாது. ஓடுமென்றால் முதலில் ஓட்டிப் பார்த்தது நானாகத்தான் இருப்பேன். அது அவருக்கும் தெரியும்.

புதுப் பாஸ்வேர்டை அனுப்பினேன். வேண்டுமென்றேதான். அவர் உள்ளே போனால்தான் எங்கிருந்து போகிறார் என்று பார்க்க முடியும்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் வழக்கம்போல வீடியோ கால். முன்பெல்லாம் நம் நேரம் எட்டு அடித்தால் போன் அடிக்கும். மூன்று வாரமாக எட்டேகாலுக்கு மேல்தான். கேட்டால் கம்பெனி பஸ் லேட், ரோட்டில் நெரிசல். இன்று நஸ்ரின் பேசும்போது நான் ஓரமாக நின்று அவரைப் படம் பார்ப்பது போலப் பார்த்தேன். கவனித்தவை:

கம்பெனிச் சட்டை. குடோனில் நாள் முழுக்க ஸ்டோர் கீப்பர் வேலை பார்த்தவரின் சட்டையில் இஸ்திரி மடிப்பு அப்படியே நிற்கிறது.

படம் தெளிவு. நாலு வருடமாக வீடியோவில் அவர் முகம் கட்டம் கட்டமாகத்தான் வரும். மூன்று வாரமாக மீசையில் நரை தெரிகிறது. வைஃபை மாற்றினோம் என்று சொன்னார். அன்றைக்கு நம்பினேன்.

பின்னால் சுவர் மட்டும். கட்டில் இல்லை, ஆட்கள் இல்லை. அந்த ரூமில் ஆறு பேர்.

ஜூலை 11, வெள்ளி

சரி, எழுதிவிடுகிறேன். மூன்றாவது: பெண்.

வேறு ரூம், இஸ்திரி போட்டுக் கொடுக்க ஆள், பகலில் லேப்டாப்பில் உட்கார்ந்து எங்கள் ஊரை விளையாட ஒருத்தி. ம. லஞ்சுக்கு அங்கே போகிறார். எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதுதான் பயமாக இருக்கிறது. இன்று இரண்டு தடவை சோற்றில் உப்புப் போட்டேன்.

அவள் அணையை நன்றாகவே கட்டியிருக்கிறாள் என்பது வேறு எரிச்சல்.

மாமி வந்து நின்றார். ம.வின் தங்கச்சிக்கு இருபதாம் தேதி நிக்காஹ். அதற்காக அவர் லீவில் வருகிறார், பதினெட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறார்.

"வேன்காரன்ட்ட சொல்லியாச்சா ஜமீலா? போன தடவ மாரி கடைசி நேரத்துல ஓடக்கூடாது."

"சொல்லியாச்சு மாமி."

"மாப்பிள வீட்டுல மூணு தடவ கேட்டுட்டாவ, மச்சான் துபாய்லேருந்து எப்ப வாறாருன்னு. எம் புள்ள வந்து நின்னாத்தான் எனக்கு உசுரு."

சிரித்து வைத்தேன்.

மத்தியானம் கணக்கின் உள்ளே போய், எந்தெந்தக் கணினியில் திறந்திருக்கிறது என்ற பக்கத்தைப் பார்த்தேன். ஒன்று என்னுடையது. இன்னொன்று ம.வின் பழைய லேப்டாப், 11.32க்கு.

இடம்: இந்தியா. சென்னை.

சென்னையை நம்ப முடியாது. இங்கே உட்கார்ந்திருக்கும் என் போனையும் அது சென்னை என்றுதான் காட்டும். இந்தியாவையும் முழுக்க நம்ப முடியாது, அங்கே பாதிப் பேர் இடத்தை மாற்றிக் காட்டும் விபிஎன் போட்டுத்தான் வீட்டுக்குப் பேசுகிறார்கள். லேப்டாப் அவருடையது என்பது மட்டும் உறுதி.

யோசித்துக்கொண்டே சாயங்கால அசர் தொழுதேன். எத்தனை ரக்அத் குனிந்து எழுந்தேன் என்று மறந்துவிட்டது.

ஜூலை 12, சனி

இதைச் சுருக்கமாக எழுதப் போகிறேன்.

இங்கே அந்தித் தொழுகைக்கான மஃரிபு பாங்கு ஏழுக்குக் கால் மணி முன்னால். அங்கே அப்போது மணி ஐந்தேகால். அசருக்கும் மஃரிபுக்கும் நடுவில் கிடக்கும் நேரம், துபாயில் எந்தப் பள்ளிவாசலிலும் பாங்கு கிடையாது. இது வளைகுடாக்காரன் பெண்டாட்டி எல்லோருக்கும் மனப்பாடம்.

6.43க்கு நானே கூப்பிட்டேன். டியூட்டி நேரத்தில் நான் கூப்பிட்டதே இல்லை. பதறி எடுத்தார்.

"என்ன ஜமீ, உம்மாவுக்கு எதும்...?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நஸ்ரின் ஸ்கூல்ல ஒரு ஃபார்ம். உங்க பாஸ்போர்ட் நம்பர் வேணும்."

"பொறவு அனுப்புதேன்."

"இப்பவே சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்."

எழுத்து எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நான் வேண்டுமென்றே தப்பாகத் திருப்பிச் சொன்னேன். அவர் திருத்தினார். எங்கள் ஜன்னலில் பாங்கு ஆரம்பித்தது. அடுத்த நொடி போனுக்குள்ளும் பாங்கு. வேறு குரல், வேறு பள்ளி, ஆனால் பாங்கு. சட்டென்று மைக்கை அணைத்தார்.

பாங்கு முடிந்து அவர் மைக்கைப் போட்டதும் கேட்டேன்.

"மச்சான், எந்த ஊர்ல இருக்கீய?"

போன் கட்.

பத்து நிமிடம் கழித்து ஒரு மெசேஜ். ஒரே வார்த்தை.

குத்தாலம்.

ஜூலை 14, திங்கள்

நேற்று முழுக்க நான் மனுஷியாக இல்லை. எழுதவில்லை.

இன்று நஸ்ரினை ஸ்கூலில் விட்டு, நிக்காஹுக்குத் தைக்கக் கொடுத்த பிளவுஸை வாங்கப் போகிறேன் என்று மாமியிடம் சொல்லி டவுன் பஸ் ஏறினேன். சீசன் கூட்டம். எண்ணெய் வழியும் தலைகள், துண்டுகள், ஈர பெஞ்ச். இருபது நிமிடம். இருபதே நிமிடம்.

நேற்றே விலாசம் கேட்டு வாங்கியிருந்தேன்: துபாயில் அவரோடு இருந்த பழைய ரூம்மேட் ஒருவர் நடத்தும் லாட்ஜ். மாடியில் கடைசி அறை. கதவைத் திறந்தவர் மேலே கம்பெனிச் சட்டை, கீழே கைலி. நான் வருகிறேன் என்று சட்டை போட்டுக்கொண்டாராம். அந்த ஒரே சட்டை, அதற்கென்று ஒரு ஹேங்கர். பிளாஸ்டிக் ஸ்டூலில் லேப்டாப், திரையில் எங்கள் ஊர். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். ஆமாம், பார்த்தேன். பாத்ரூமையும் திறந்தேன்.

"வேற யாரும் இல்லடி."

"அணை கட்டுனது?"

"நாந்தான்."

குடோனை மூடிவிட்டார்களாம். எல்லோரையும் ஒரே நாளில் அனுப்பிவிட்டார்கள். வேறு இடம் தேடிப் பார்த்து, விசா முடிந்து வந்து இறங்கி இன்றோடு இருபத்தாறு நாள். கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணத்தை வைத்து மாதா மாதம் அனுப்புவது போல அனுப்பினார், அதனால்தான் எனக்கும் தோன்றவில்லை. ராத்திரி ரிசப்ஷன் வேலை. எட்டு மணி இஷா பாங்கு போனில் கேட்டுவிடும் என்றுதான் எட்டேகாலுக்கு மேல் கூப்பிட்டிருக்கிறார். பகலில் தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடுவோம் என்று அறையை விட்டு வெளியே வருவதில்லை. தூக்கமும் வருவதில்லை. அதனால் விளையாட்டு.

"வீட்டுக்கு வந்தா என்ன?"

"வந்தா வாசல்லயே எவனாச்சும் கேப்பான், எப்ப திரும்பப் போறன்னு. முடிச்சிட்டு வந்துட்டேன்னு சொன்னா மாப்பிள வீட்டுல என்ன நெனப்பாவ? தங்கச்சி நிக்காஹ் முடியட்டும்னு பாத்தேன். லீவுல வாற மாரி வந்திரலாம்னு."

"எங்கிட்ட?"

லேப்டாப்பை மூடிவிட்டுச் சொன்னார்.

"ஐந்தருவிக்கு நீங்கள்லாம் குளிக்க வந்தீயல்லா, ஆறாந் தேதி ஞாயித்துக்கெழம? தலையில துண்டப் போட்டுக்கிட்டு பஜ்ஜிக் கடைகிட்ட நின்னேன். நஸ்ரின் உசரமாயிட்டா. வீடியோவுல தெரியல."

வேலை போனதை மன்னித்துவிட்டேன், அதில் மன்னிக்க ஒன்றுமே இல்லை. சட்டையை மன்னிக்கலாம். ஆனால் எங்களை அருவியில் பார்த்த அன்று ராத்திரியே போன் போட்டு, "இன்னிக்கு எங்க போனிய?" என்று பிள்ளையிடம் கேட்டார். அவள் அருவிக் கதையை மூச்சு விடாமல் சொன்னாள். "அப்படியா, அப்படியா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு நினைவிருக்கிறது. என்னால் அதை விழுங்க முடியவில்லை.

அவர் அழுதார். நான் அழவில்லை. மாமிக்காகவும் தங்கச்சிக்காகவும் மட்டும் இந்த நாடகத்துக்கு வருகிறேன் என்று சொன்னேன். பிறகு இருவரும் உட்கார்ந்து பதினெட்டாம் தேதிக்குத் திட்டம் போட்டோம்.

பிளவுஸ் வாங்க மறந்துவிட்டேன். மாமியிடம் தைத்து முடிக்கவில்லை என்று சொன்னேன். பொய் தயங்காமல் வந்தது.

ஜூலை 18, வெள்ளி

வேன் காலை ஐந்தரைக்கு. மாமி, மணப்பெண், நஸ்ரின், நான். செங்கோட்டை தாண்டியதும் மழை. நஸ்ரின் தென்மலையில் வாந்தி.

ம. நேற்றுச் சாயங்காலமே பஸ்ஸில் போய்விட்டார். பெட்டி இரண்டு. கயிறு கட்டி, மார்க்கரில் பெயர் எழுதி, போன தடவை வந்த விமான டேக்கில் தேதியை மட்டும் கிழித்து ஒட்டி. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்தது. துபாயிலிருந்து ஒரு விமானம் உண்மையிலேயே பதினொன்று பத்துக்கு இறங்குகிறது. அந்தக் கூட்டம் வெளியே வரும்போது அவர் பக்கத்திலிருந்து வந்து கலந்துவிட வேண்டும். அந்த ஐந்து நிமிடம் மாமியை நான் டீக் கடைப் பக்கம் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

மாமி நகரவில்லை.

"எனக்கு எதுக்கு டீ? எம் புள்ள வாற வாசல பாத்துக்கிட்டு நிக்கேன்."

கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசலை விட்டுக் கண்ணெடுக்காமல் நின்றார். ஒவ்வொருத்தராக வருகிறார்கள். ஒவ்வொரு பெட்டி வண்டிக்கும் மாமி எட்டிப் பார்க்கிறார். கூட்டம் வடிந்துகொண்டே போகிறது.

"உம்மா."

பின்னாலிருந்து. மாமி திரும்பினார்.

"எங்கன வழியா வந்த?"

"அங்கிட்டு ஒரு வாசல் வழியா விட்டாவும்மா."

மாமி அதற்கு மேல் கேட்கவில்லை. மகன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தங்கச்சி அழுதாள். நஸ்ரின் "வாப்பா" என்று வயிற்றில் முட்டினாள், அவர் அவளைத் தூக்கி, "உசரமாயிட்டியே" என்றார். முதல் தடவை பார்ப்பது போலவே.

பிறகு என் பக்கம் வந்தார். எல்லோரும் பார்க்கிறார்கள். இரண்டு வருடம் கழித்துப் பெண்டாட்டியைப் பார்க்கிற ஆள் எப்படித் தயங்குவாரோ அப்படித் தயங்கி, குரல் லேசாக உடைந்து, "நல்லாருக்கியா ஜமீ?" என்றார். திங்கட்கிழமைதான் பார்த்தோம். ஒரு தவறுகூட இல்லை. ஒரு நொடி நானே நம்பிவிட்டேன். போனில் இத்தனை வருடம் கேட்ட "நல்லாருக்கியா"வெல்லாம் வரிசையாக வந்து நின்றன.

"நல்லாருக்கேன். பயணமெல்லாம் சுகமா?" என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. நான் வரவழைக்கவில்லை.

அது நிஜம்தானா என்று அவர் என்னை உற்றுப் பார்த்தார்.