சாம்பிராணிப் புகை திரும்பிய இடம்

1936 மார்ச் 2, திங்கள்

மழை விட்ட விடியல். பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பனி. ரயில்வே குவார்ட்டர்ஸ் கூரைகள் மட்டும் மிதந்தன. ஐந்தரைக்கே அண்ணன் கார் முன்னால் நின்று ஹேண்டிலைச் சுற்றத் தொடங்கிவிட்டான். வண்டி இன்றும் எழவில்லை. ஓர் இருமல், ஓர் உதறல், பிறகு அமைதி.

பக்கத்து வீட்டு மணியம் அண்ணன், வாயில் பற்பொடியோடு: "விடுடா, அதுக்கு இன்னும் தூக்கம் தெளியல. பாய் தலகாணி போட்டுக் குடு."

ஒருவழியாக எழுந்தது. ஆனால் நின்ற இடத்தில் ஒரே நடுக்கம், குளிர்க்காய்ச்சல் வந்தவர்போல. மடியிலிருந்த புத்தகத்தில் எழுத்துகள் ஆடின. ஓடிச் சூடேறியதும் எல்லாம் சரி. ரப்பர் மரங்களுக்கு நடுவே வெளிச்சம் துண்டு துண்டாக. கொஞ்ச தூரம் எங்கே போகிறேன் என்பதே மறந்துவிட்டது.

கிள்ளானில் நான் பாடம் சொல்லும் பள்ளியில் மணி அடித்து ஓய்ந்திருந்தது. இது இரண்டாம் முறை. தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. "இன்னொரு நாள் இப்படி ஆச்சுன்னா வேற டீச்சரத்தான் பாக்கணும்மா." குரலில் கோபமே இல்லை. அதனால்தான் பயம்.

மார்ச் 3, செவ்வாய்

தூறல். வெள்ளைச் சேலையில் கிரீஸ். எலுமிச்சை தேய்த்தும் போகவில்லை.

ரயிலில் போனால் இந்தப் பாடே இல்லை. ஆனால் அப்பா ரயில்வே குமாஸ்தா. "லைன் பூரா என்னைத் தெரியும். 'உங்க பொண்ணு தனியா கிள்ளானுக்குப் போச்சே'ன்னு ஆபீஸ்ல கேப்பானுங்க. அண்ணன் வாடகைக் கார் வச்சிருக்கான்ல, அதுல போறதுன்னா போ. இல்லன்னா வீட்ல இரு." வேலைக்குச் சேரும் முன்பே சொன்னது. என்னை இறக்கிவிட்டு அண்ணன் கிள்ளானிலேயே சவாரி பார்ப்பான். பள்ளி விட்டதும் கூட்டி வருவான். ஆக, என் வேலை அந்த இன்ஜினுக்குள் இருக்கிறது.

இன்று அம்மா காப்பிக்கு வைத்த வெந்நீரை எடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர்மேல் ஊற்றிய பிறகு எழுந்தது. நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். அம்மாவுக்குத்தான் காப்பி இல்லை.

மாலையில் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் கழுவி மாட்டினான். இந்த மாதிரி எத்தனை மாலை.

மார்ச் 4, புதன்

வெயில்.
பிளக்கு (பொறி விடுவது): துடைத்தாயிற்று.
பாயிண்ட் (மின்சாரம் தொடும் முனை): தேய்த்தாயிற்று.
பெட்ரோல்: வேட்டித் துணியில் வடிகட்டியாயிற்று.
நடுக்கம்: நேற்றைவிட அதிகம்.

பிளக்கைத் துடைக்கும் முன் நான் வாங்கிப் பார்த்தேன். நுனி வெளுத்து, விபூதி பூசியதுபோல். வண்டியோடு வந்த ஆங்கிலக் கையேட்டை அண்ணனுக்குப் படித்துச் சொன்னேன்: பெட்ரோல் குறைந்து காற்று மிஞ்சினால் பிளக்கு இப்படி வெளுக்கும். கார்புரேட்டர் திருகாணியைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டினான். மாற்றமில்லை.

"புஸ்தகம் எழுதினவன் நம்ம வண்டியப் பாத்தானா?"

அதுவும் நியாயம்தான்.

மார்ச் 5, வியாழன்

ஒரு கனவு. பித்தளைச் சுவர் வைத்த சின்ன அறை. மேலிருந்து பெட்ரோல் பனித்துளியாக இறங்குகிறது. துளி கீழே சேரும் முன் ஒரு காற்று வந்து அடித்துப்போகிறது. அறைக்கு ஒரே வாசல், அதை நான் சாத்திவிட்டேன். பிறகும் காற்று.

விழித்ததும் மனம் லேசாக இருந்தது. ஏன் என்று தெரியவில்லை. வெந்நீர் உபயத்தில் இன்றும் நேரத்துக்கு. இரண்டாம் வகுப்பில் ஒரு சிறுமி, "டீச்சர் மேல பெட்ரோல் வாசம் வருது, எனக்குப் புடிக்கும்" என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

மூட்டம். வெந்நீரும் கைவிட்டது. வெகுநேரம் சுற்றி, அண்ணன் உள்ளங்கை தோலுரிந்த பிறகு எழுந்தது. எழுந்து, சாகப்போவதுபோல உதறியது. அப்பா வெளியே வந்தார்.

"இன்னைக்கு வேணாம். வரலன்னு சொல்லி அனுப்பிடலாம். அடுத்த வாரம் யோசிப்போம்."

அப்பாவின் 'யோசிப்போம்' எனக்குத் தெரியும். வேலையை விடு என்று அர்த்தம். பையை மார்போடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்போது அம்மா தூபக்காலோடு வந்தாள். வெள்ளிக்கிழமை என்றால் வீட்டுக்குக் காட்டிய சாம்பிராணியை வண்டிக்கும் காட்டுவாள், எப்போதும் இன்ஜின் நின்றிருக்கும்போதுதான். இன்று நிறுத்தினால் மறுபடி எழாது.

"அம்மா, தள்ளிப் போ. பெட்ரோல். தீப் புடிச்சுக்கும்" என்றான் அண்ணன்.

"போன வாரமும் இப்படித்தான் தூபம் காட்ட விடாம ஓட்டிட்டுப் போனே. அதான் முரண்டு புடிக்குது."

எட்டி நின்றே, மூடி திறந்திருந்த இன்ஜின் பக்கம் கையை நீட்டிச் சுற்றினாள். அதன் விசிறிக் காற்றில் புகையெல்லாம் பின்பக்கம் ஓடியது. ஒரே ஓர் இழை மட்டும் போகவில்லை. திரும்பியது. கார்புரேட்டர் குழாயோடு சேரும் இடுக்கில், ஊசியில் நூல் கோத்ததுபோல நுழைந்து மறைந்தது. காற்று குடிக்கும் வாய் அந்தப் பக்கம் இருக்கிறது. இந்த இடத்தில் எதுவும் உள்ளே போகக் கூடாது.

"அண்ணா, அங்க காத்து போகுது."

"எங்க?"

"அம்மா, இன்னொரு தடவ காட்டுங்க."

மறுபடியும் அதே இழை, அதே இடுக்கு. அண்ணன் தூபத்தை அப்பால் கொண்டுபோகச் சொல்லிவிட்டு, துவைக்கிற கல்லிலிருந்து சவுக்காரத்தை எடுத்து, நனைத்து இடுக்கில் அப்பினான். நடுக்கம் அடங்கியது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒரே சீரான குரல். அண்ணன் அப்பாவைப் பார்க்கவே இல்லை. "ஏறு, கமலம்" என்றான்.

பள்ளி வாசலைத் தாண்டும்போது மணி அடித்துக்கொண்டிருந்தது. ஓயவில்லை.

மார்ச் 7, சனி

அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தான். அதற்கும் குழாய்க்கும் நடுவில் வைக்கும் அட்டை கிழிந்து கிடந்தது. மாலைதோறும் கழற்றிச் சுத்தம் செய்ததில்தான் இவ்வளவு கிழிசல். நான் சிரிப்பை அடக்கப் பார்த்தேன்.

"சிரிக்காதே. போய்த் தடிச்ச அட்டையா ஒண்ணு கொண்டா."

என் பழைய பூகோளப் புத்தகத்தின் மேலட்டையைக் கொடுத்தேன். குழாயின் இரும்பு வாய்மேல் வைத்து ஓரங்களில் சுத்தியலால் மெல்லத் தட்டினான். அட்டை தானாக வெட்டுப்பட்டு வடிவத்துக்கு வந்தது. அதன்மேல் உலகப் படம் இருந்தது. அட்லாண்டிக் கடலில் பாதி இப்போது எங்கள் இன்ஜினுக்குள்.

அம்மாவின் முடிவு: இனி வெள்ளிதோறும் இன்ஜின் ஓடும்போதுதான் தூபம். அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

மார்ச் 9, திங்கள்

நல்ல பனி. குளிர். இதுதான் சோதனை. அப்பா வழக்கத்துக்கு முன்பே எழுந்து, குடையைக் கையில் பிடித்தபடி வாசலில். சொல்ல ஏதோ தயாராக வைத்திருந்தார், முகத்தில் தெரிந்தது.

ஒரே சுற்று. எழுந்தது. மடியிலிருந்த புத்தகத்தில் எழுத்துகள் அசையவில்லை.

மணியம் அண்ணன் பற்பொடியைத் துப்பிவிட்டு, "என்னடா, அதுக்குள்ளயா? இனிமே நான் எதக் கேட்டு முழிக்கிறது?"

அப்பா வண்டிப் பக்கம் வந்தார். கொஞ்ச நேரம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டார். பிறகு என் பக்கம் குனிந்து: "கண்ணாடிய ஏத்திக்கோ. கிள்ளான் வரைக்கும் பனியா இருக்கும்."