மசோதா இப்போது குழுவில் இருக்கிறது

ஹெலினா
ஜனவரி 14, 2013

அன்புள்ள ஜோலீன்,

நீயும் டெஸ்ஸாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். இந்தக் கடிதம் வழக்கம்போல மாநில அரசின் முகவரி மறைப்புத் திட்டத்தின் தபால் பெட்டிக்குப் போய், அங்கே வேறு உறைக்குள் புகுந்து, உன்னிடம் வந்து சேர ஒரு வாரமாவது ஆகும். நீ எந்த ஊரில் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது என்று தபால்தலை ஒட்டும்போதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

நேற்று கிளே சாப்பிட வந்திருந்தான். நீ தப்பி ஓடிய கணவன்தான், ஆனாலும் எனக்குக் கூடப் பிறந்த தம்பி; வராதே என்று சொல்ல வாய் வரவில்லை. மாட்டிறைச்சி வறுவலை இரண்டு தரம் போட்டுக்கொண்டான். பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தான். துடைத்துக்கொண்டே சொன்னான்:

“அக்கா, ஓரின் மாடக் என் பேச்சைக் கேட்டுட்டார். எனக்காக ஒரு மசோதா போடறார்.”

மாடக் அவன் பகுதி செனட்டர். உனக்கு நினைவிருக்கும், குதிரைக் கண்காட்சியில் பரிசு கொடுப்பாரே, அவர்தான்.

“என்ன மசோதாடா?”

“பெத்தவங்கள்ல ஒருத்தர் பிள்ளையைத் தூக்கிட்டு ஒளிஞ்சுக்கிட்டா, இன்னொருத்தர் எழுதிக் கேட்டதும் அரசாங்கம் முகவரியக் குடுத்தாகணும். அவ்வளவுதான். நியாயந்தானே?”

நான் ‘ம்’ என்றேன். கையில் இருந்த தட்டை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

உடனே பயந்துவிடாதே. இங்கே ஒரு கூட்டத்தொடரில் எத்தனையோ மசோதாக்கள் வருகின்றன, பாதிக்கு மேல் பிழைப்பதில்லை. மாடக் மட்டும் இந்த முறை பல மசோதாக்கள் போட்டிருக்கிறார், மாட்டுக்குச் சூட்டுக்குறி போடும் கட்டணம், நெடுஞ்சாலையில் வேட்டை நாய் விடுவது என்று. நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் மதிய இடைவேளை ஒரு மணி நேரம். மேட்டில் இருக்கும் சட்டசபைக்கு ஏறிப் போய் அவருடைய ஒவ்வொரு மசோதாவும் எங்கே நிற்கிறது என்று பார்த்து உனக்கு எழுதுகிறேன். நீ வீட்டுக்கு எழுதாதே. மருத்துவமனை முகவரிக்கே எழுது.

அன்புடன்,
ஹாரியட்

—

ஜனவரி 24

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் வந்தது. படித்துவிட்டுக் கதவுத் தாழ்ப்பாளைப் போய்ப் பார்த்தேன். போட்டுத்தான் இருந்தது. திரும்பவும் போய்ப் பார்த்தேன்.

அவர் கத்தும்போது எனக்கு இவ்வளவு பயம் இருந்ததில்லை. பாத்திரம் துடைத்துக்கொண்டு மெதுவாகப் பேசும்போதுதான் பயம். என் தோள் எலும்பு முறிந்த அன்றும் அப்படித்தான், ஆஸ்பத்திரியில் என் தலையைத் தடவிக்கொண்டே, “படியில வழுக்கிட்டாங்க டாக்டர், நான் எத்தனை தரம் சொல்றது” என்றார். டாக்டர் அவரைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். மாடக்கும் நல்ல மனிதர்தான். நல்லவர்கள்தான் கிளேயை நம்புகிறார்கள்.

உங்களைத் தவிர எனக்குச் செய்தி சொல்ல யாரும் இல்லை. நான் கைப்பேசி வைத்துக்கொள்வதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். முன்பு வைத்திருந்ததில் என்னை வேவு பார்க்க அவர் என்னென்ன புகுத்தியிருந்தார் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து தொடவே கூசுகிறது.

டெஸ்ஸா நன்றாக இருக்கிறாள். ஒன்பது வயது முடிந்தது. இங்கே பீட் கிழங்குச் சர்க்கரை ஆலையின் வாடை துணியெல்லாம் ஏறிவிடுகிறது என்று முகம் சுளிப்பாள். ஆனால் அந்த ஆலைச் சங்கு ஊதினால்கூட அசையாமல் தூங்குகிறாள். கட்டிலுக்கு அடியில் தூங்கிய பிள்ளை, அக்கா.

இதை எழுதியிருக்கக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள்.

உங்கள்,
ஜோ

—

ஹெலினா
பிப்ரவரி 4

அன்புள்ள ஜோலீன்,

கிழித்துவிட்டேன்.

மசோதாவுக்கு எண் கொடுத்துவிட்டார்கள், 214. முதல் வாசிப்பு முடிந்தது, அது வெறும் சடங்கு. இப்போது குழுவில் இருக்கிறது. பத்தொன்பதாம் தேதி காலையில் பொது விசாரணை. யார் வேண்டுமானாலும் போய் மைக் முன்னால் நின்று பேசலாம். ஆதரிப்பவர்கள் முதலில், எதிர்ப்பவர்கள் பிறகு. அதற்குப் பிறகு ஒருநாள் குழு வாக்களிக்கும். குழு கிடப்பில் போட்டுவிட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. ஒரே ஒரு வழி உண்டு, மாடக் சபையில் எழுந்து மசோதாவைக் குழுவிடமிருந்து பிடுங்கித் தரச் சொல்லிக் கேட்கலாம். அதற்குப் பாதிச் சபைக்கு மேல் கை தூக்க வேண்டும்.

குழு உறுப்பினர்களில் பாதிப் பேர் நம் பக்கம், பாதிப் பேர் அந்தப் பக்கம் என்று சட்டசபை வாசல் காவலாளி சொல்கிறார். நடுவில் ஒருவர் எந்தப் பக்கம் என்று அவருக்கே தெரியாதாம்.

இன்னொன்று. விசாரணைக்கு முதல் நாள் கிளே வந்து என் வீட்டில்தான் தங்கப் போகிறான். “ஓட்டல்ல எதுக்குக்கா வீணா” என்கிறான். சரி என்றுவிட்டேன். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பான்.

நான் அங்கே பேசலாமா என்று யோசிக்கிறேன். அவன் சொந்த அக்காவே எதிர்த்துப் பேசினால் அந்த நடு ஆள் கேட்பார் அல்லவா?

அன்புடன்,
ஹாரியட்

—

பிப்ரவரி 12

அக்கா,

வேண்டாம். நீங்கள் பேசினால் நம் இருவருக்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும். இப்போது அவர் உங்களைச் சந்தேகப்படவில்லை. அது போனால் என்ன ஆகும் என்று என்னால் நினைக்க முடியவில்லை. வேறு யாராவது பேசட்டும். தயவுசெய்து.

ஜோ

—

ஹெலினா
பிப்ரவரி 19, மாலை

ஜோலீன்,

உன் கடிதம் இன்று காலை மருத்துவமனைக்கு வந்திருக்கிறது. நான் அதற்கு முன்பே சட்டசபைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்துதான் படித்தேன்.

நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன். இது உன் கையில் சேரும்போது நீ அந்த ஊரில் இருக்கக் கூடாது.

கிளே எல்லோருக்கும் முன்னால் பேசினான். நீலச் சட்டை, நான் இஸ்திரி போட்டுக் கொடுத்தது. டெஸ்ஸாவின் படத்தைக் குழுவிடம் நீட்டினான். “என் பொண்ணோட பிறந்தநாளுக்கு வாங்கின சைக்கிள் இன்னும் கொட்டகையில நிக்குது” என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த நடு ஆள் மூக்கைச் சிந்தினார். எதிர்த்துப் பேச இரண்டே பேர் வந்திருந்தார்கள், அவர்கள் பேசியது சட்டப் புத்தகம் படிப்பது போல இருந்தது. என் கால் தானாகவே எழுந்துவிட்டது.

பேசினேன். அந்தப் படிக்கட்டு பற்றி, உன் தோள் பற்றி, நான் பார்த்ததை மட்டும். கிளே என் பின்னால் இருந்தான், திரும்பிப் பார்க்கவில்லை. முடித்து உட்காரப் போனேன். அப்போது நம் பக்கம் இருக்கும் பெண் செனட்டர் ஒருவர், கனிவாகத்தான், கேட்டார்:

“அந்தக் குழந்தை இப்ப எப்படிம்மா இருக்கா?”

“நல்லா இருக்குங்க. முன்னெல்லாம் கட்டிலுக்கு அடியிலதான் தூங்கும். இப்ப ஆலைச் சங்கு ஊதினாக்கூட அசையாம தூங்குது.”

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் விழுந்தது.

திரும்பினேன். கிளே மசோதாத் தாளை மடித்துக்கொண்டிருந்தவன், பாதியில் நிறுத்தியிருந்தான். என்னைப் பார்த்துச் சிரித்தான். சாவியை எங்கேயோ தொலைத்துவிட்டு அது சட்டைப்பையிலேயே இருப்பதைக் கண்டவன் சிரிப்பானே, அப்படி. இந்தக் குளிர்காலத்தில் சங்கு ஊதும் ஆலை நம் மாநிலத்தில் எத்தனை இருக்கும்? இரண்டு ஊர்தான். எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டான். நான் வாசலுக்கு ஓடுவதற்குள் வண்டி இல்லை.

அங்கேயே நின்று உங்கள் முகவரித் திட்டத்தின் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

“அப்படி ஒருத்தங்க எங்க திட்டத்துல இருக்காங்களான்னே நான் சொல்லக் கூடாதுங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் சொல்றதைக் கேட்டுக்கிட்டா போதும்.”

பேனா மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “சொல்லுங்க, எழுதிக்கிறேன்” என்றார்.

எல்லாம் சொன்னேன், வண்டி நிறம், எண், அவன் எந்தச் சாலையில் போவான் என்பதுவரை. இரண்டு ஊர் ஷெரிப் காவல் அலுவலகங்களுக்கும் பேசினேன். ஒருவர், “அவர் இன்னும் ஒண்ணும் செய்யலியேம்மா” என்றார். இன்னொருவர் பெயரைக் குறித்துக்கொண்டார்.

இதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. தபால் பெட்டிக்கு எழுதுகிறேன், பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்தே. அவன் வண்டி இந்தக் கடிதத்தைவிட வேகமாகப் போகும்.

ஹாரியட்

—

ஹெலினா
மார்ச் 1

ஜோலீன்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. திட்ட அலுவலகத்தில் எதுவும் சொல்ல மறுக்கிறார்கள். நீ பத்திரமாக இருந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், இல்லாவிட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

நாள்தோறும் செய்தித்தாளில் அந்த இரண்டு ஊர்ப் பெயர்களையும் தேடுகிறேன். இல்லை என்றதும் மூச்சு விடுகிறேன். மறுநாள் மறுபடியும்.

கிளே போன வாரம் வியாழக்கிழமை வந்தான். வண்டி பூராவும் சேறு. சமையலறை நாற்காலியில் உட்கார்ந்து காப்பி கேட்டான். கொடுத்தேன், மேசையில் கொஞ்சம் சிந்திவிட்டது. அவனே துடைத்தான்.

“எங்கடா போயிருந்தே?”

“சும்மா, கிழக்கே. பள்ளிக்கூட வாசல்ல எல்லாம் நின்னு பார்த்தேன். பிள்ளைங்க எல்லாம் ஒரே மாதிரிதான்க்கா இருக்கு, குல்லா போட்டுட்டா.” காப்பியைக் குடித்தான். “நீ அன்னைக்கு நல்லாப் பேசின. அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் பேசு.”

அவன் உங்களைக் காணவில்லை என்று அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். சரியாகத்தான் எடுத்துக்கொண்டேனா? அவன் சிரித்தானே.

“கிளே, இனிமே இந்த வீட்டுக்கு வராதே” என்றேன். நாலு வயதில் அவனுக்கு நான்தான் ஷூ கயிறு கட்டப் பழக்கினேன். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கே பூட்டை மாற்றினேன்.

மசோதாவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். குழு இந்தச் செவ்வாய்க்கிழமை வாக்களித்தது. நடு ஆள் நம் பக்கம் வந்தார், கிடப்பில் போட்டார்கள். மறுநாளே மாடக் அதைச் சபைக்குப் பிடுங்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. நான் மாடிப்படியில் அவரை மறித்தேன். பள்ளிக்கூட வாசல் கதையைச் சொன்னேன். பெரிய உருவம், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டார்.

“என்கிட்ட போட்டோவக் காட்டி அழுதாம்மா அவன்.”

“என்கிட்டயும் அழுதிருக்கான், ஐயா. நானும் நம்பினேன்.”

அவர் உள்ளே போனார். நான் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்து, சபை கலையும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எழுந்து கேட்கவில்லை. மசோதா செத்துப்போயிற்று.

ஒரு வரி எழுது. உறையில் வெறும் தாள் வைத்து அனுப்பினாலும் போதும்.

ஹாரியட்

—

மார்ச் 25

அன்புள்ள அக்கா,

நாங்கள் இருவரும் நலம். முதலிலேயே இதை எழுதிவிடுகிறேன்.

விசாரணை நடந்த அன்று மதியம் யாரோ ஒரு பெண் நான் வேலை செய்யும் சலவைக் கடைக்கு வந்து, “உங்க பொண்ணு என் கார்ல இருக்கா. வாங்க” என்றார். டெஸ்ஸாவைக் கணக்கு வகுப்பின் நடுவில் எழுப்பிக் கூட்டி வந்திருந்தார்கள். பின்னிருக்கையில் பென்சிலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டில் எடுத்தது இரண்டு பைகள்.

ஊருக்கு வெளியே, இருட்டத் தொடங்கும் நேரம், ரயில் பாதைக் கதவு மூடியிருந்தது. சரக்கு ரயில். பெட்டிகளின் இடைவெளியில் எதிர்ப்பக்கம் நிற்கும் வண்டிகளின் விளக்கு தெரிந்து தெரிந்து மறைந்தது. மூன்றாவதாக நின்றது அவன் வண்டி. டெஸ்ஸாவின் தலையை என் மடியில் அழுத்தினேன். ரயில் முடியவே கூடாது என்று வேண்டிக்கொண்டேன். முடிந்தது. கதவு தூக்கியது. ஒரு கை தூரத்தில் எங்களைக் கடந்து போனான். முன்னால் பார்த்துக்கொண்டிருந்தான், ஊருக்குப் போய்ச் சேரும் அவசரத்தில்.

உங்கள் இரண்டு கடிதங்களும் நேற்றுத்தான் சேர்ந்து வந்தன. நீங்கள் அந்தத் தொலைபேசியை எடுத்திருக்காவிட்டால் நாங்கள் அன்று மாலை வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்திருப்போம். அது எனக்குத் தெரியும். நீங்கள் எழுந்து பேசியிருக்காவிட்டால் மசோதா தேறியிருக்கும், அதுவும் தெரியும். கோபம் இல்லை, அக்கா. அந்தச் சங்கைப் பற்றி எழுதியவள் நான்தான்.

ஆனால் இது என் கடைசிக் கடிதம். இந்த ஊரைப் பற்றி, எங்கள் வேலை பற்றி, டெஸ்ஸா என்ன சாப்பிடுகிறாள் என்பது பற்றிக்கூட நான் யாருக்கும் சொல்லப் போவதில்லை. உங்களிடம் இருந்தால் உங்கள் வாயில் வரும். அன்பினால்தான் வரும். எழுதாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் பதில் வராது.

டெஸ்ஸா இப்போது என் பக்கத்தில் தூங்குகிறாள். விளக்கை அணைக்க விடுவதில்லை.

என்றும்,
ஜோ

—

ஹெலினா
ஜனவரி 20, 2015

அன்புள்ள ஜோலீன்,

பதில் எதிர்பார்த்து இதை எழுதவில்லை. போன கோடையில் நான் போட்ட கடிதம் திரும்பி வரவில்லை, அதனால் அந்தப் பெட்டியில் உன் பெயர் இன்னும் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறேன்.

சபை மறுபடியும் கூடியிருக்கிறது. தேர்தலில் கிளே மாடக்குக்காக வீடு வீடாக ஏறி இறங்கினான். இந்த முறை மாடக்கின் முதல் மசோதா அதேதான், எண் 61. ‘எழுதிக் கேட்டால்’ என்பதை ‘நீதிபதி அனுமதித்தால்’ என்று மாற்றியிருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு இன்னும் நியாயமாகத் தோன்றும். நடைபாதையில் அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காததுபோல் போனார்.

நடு ஆள் தோற்றுப்போய்விட்டார். புதிதாக வந்தவர் எப்படிப்பட்டவர் என்று யாருக்கும் தெரியவில்லை. கிளே ஊருக்கு வந்திருக்கிறான், எங்கே தங்கியிருக்கிறான் என்று தெரியாது. நேற்று மாலை என் வீட்டு எதிரே ஒரு வண்டி வெகுநேரம் நின்றது. அவனுடையதா என்று திரையை விலக்கிப் பார்க்கவில்லை.

விசாரணை நாளைக் காலை. போகிறேன். பேச வேண்டியதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேன், அதில் இல்லாத ஒரு சொல்லும் சொல்வதாக இல்லை. குழந்தையைப் பற்றி யாராவது கேட்டால், தெரியாது என்பேன். கிளே என் முகத்தை நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், அது பொய்யில்லை.

வாக்கெடுப்பு முடிந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
ஹாரியட்