புல்வெளியில் வரைந்த கப்பல்

அம்மா, வணக்கம். இந்தப் பனியில் உங்கள் முழங்கால் வலி தேவலையா?

நம் ஜப்பானின் முதல் விமானந்தாங்கிக் கப்பலில் இருக்கிறேன். புல்வெளியில் சுண்ணாம்பால் கப்பல்தளம் வரைந்து பழகியபோது விமானத்தை ஒருமுறைகூடத் தவறாமல் இறக்கினேன். நிஜத் தளம் அலையில் ஆடியதால் நேற்று கடலில் விழுந்தேன். வெறும் குளியல்தான், கவலைப்படாதீர்கள். "குளிக்க யாராவது விமானத்துல போவாங்களாடா?" என்று தோழன் தொகிசோ சிரித்தான். இன்று அவன் விழுந்தான்; உடல்கூடக் கிடைக்கவில்லை. நாளை மறுபடியும் என் முறை.

இங்கே எல்லாரும் நகமும் முடியும் வெட்டி வீட்டுக்கு அனுப்புவது வழக்கம். தொகிசோ சோம்பேறி, அனுப்பவில்லை. அவன் அம்மாவுக்குப் புதைக்க ஒன்றுமில்லை. என்னுடையது இந்தப் பொட்டலத்தில் இருக்கிறது.

கம்பளி வயிற்றுக்கச்சை ஒன்று அனுப்புங்கள், கடல் மிகவும் குளிர்கிறது. நாளைக்குள் வந்து சேராது என்று தெரியும். இருந்தாலும் அனுப்புங்கள், அம்மா.

கூப்பிடுகிறார்கள்.

ஷின்பெய்