போனுக்குக் கேட்காத சத்தம்

அன்புள்ள பாப்பாவின் அப்பாவுக்கு,

இந்த அகால வேளையில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா இப்போதுதான் கண்ணயர்ந்தாள். இதற்கு மட்டும்தான் மன்னிப்பு. இனி எழுதப்போகிற எதற்கும் கிடையாது.

இங்கே எல்லோரும் சுகம். பாப்பாவுக்குக் கீழ்வரிசையில் இன்னொரு பல் எட்டிப் பார்க்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. ஊர் வம்பு ஒன்றும் இல்லை.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் இரண்டு வாக்கியம் சொல்வதற்குள் "சரி சரி, விடு" வந்துவிடும். காகிதத்தில் குறுக்கே பேச முடியாதே.

காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் பானெட்டுக்குள் ஏதோ முனகுகிறது என்று இரண்டு மாதமாகச் சொன்னேன். நீங்கள் வெளிநாட்டில் இருந்தபடி போனிலேயே வைத்தியம் பார்த்தீர்கள். மூன்று ஞாயிற்றுக்கிழமை! அத்தை டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்ப, பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓடுகிற என்ஜினுக்கு மேலே போனைப் பிடித்தபடி நின்றேன். உங்களுக்கு ஒன்றுமே கேட்கவில்லை. "பிள்ளை பெத்ததிலேருந்து உனக்கு எதைக் கேட்டாலும் பயம்" என்று தீர்ப்புச் சொன்னீர்கள். அத்தைக்கு அந்தச் சத்தம் நன்றாகவே கேட்டது. ஆனாலும் அவர், "அவனுக்கே கேக்கலையாம், நமக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை, பாப்பாவைக் காப்பகத்தில் விடப் போகும்போது, மருந்துக்கடை முனையில் ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் போட்டும் பாதிதான் திரும்பியது. வண்டி நடைபாதையில் ஏறி, விளக்குக் கம்பத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது நின்றது. பின்சீட்டில் பாப்பா, ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கைதட்டினாள். அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி ஒர்க்ஷாப்புக்குப் போன் போட்டேன், அவர்கள் வந்து வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அன்று சாயங்காலம் நீங்கள் கேட்ட முதல் கேள்வி: "எவ்வளவு வேகத்துல போனே?" அடுத்து அத்தையிடம், வண்டி திரும்பி வந்ததும் சாவியை வாங்கி வைத்துக்கொள்ளச் சொன்னீர்கள். நான் பதறிப்போய் நடைபாதையில் ஏற்றிவிட்டேனாம். உங்கள் அக்கா வரைக்கும் செய்தி போய்விட்டது.

வியாழக்கிழமை அரைநாள் லீவு போட்டுவிட்டு ஒர்க்ஷாப்புக்குப் போனேன். மெக்கானிக் என் கண் முன்னாலேயே பார்த்தார். பவர் ஸ்டீயரிங் எண்ணெய் சிவப்பாக இருக்க வேண்டுமாம். நம்முடையது கருகிப்போன வாடையோடு கறுப்பாக, நுரைத்துக் கிடந்தது. ஒரு சொட்டை வெள்ளைத் துணியில் தடவிக் காட்டினார். பொடிப்பொடியாக மின்னியது. அதெல்லாம், ஸ்டீயரிங் லேசாகத் திரும்ப அந்த எண்ணெயைத் தள்ளுகிற பம்புக்குள்ளிருந்து தேய்ந்து வந்த இரும்பு. என்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றிவிட்டு, பம்பின் சக்கரத்தை என்னையே அசைத்துப் பார்க்கச் சொன்னார். பாப்பாவின் ஆடுகிற பொம்மைத் தலை மாதிரி ஆடியது. மயிரிழை கூட ஆடக்கூடாதாம். "இதோட எப்படிம்மா ரெண்டு மாசம் ஓட்டினீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் மூன்று வாரம் போனில் கேட்டுவிட்டு ஒன்றுமில்லை என்றாரே என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை. வேறொரு வண்டியின் என்ஜினை ஓடவிட்டு, அதன் பக்கத்தில் நின்றுகொண்டு என் போனுக்குக் கூப்பிட்டார். நான் தெருவில் நின்று கேட்டேன். அவர் "ஹலோ" சொன்னது கணீரென்று கேட்டது, என்ஜின் இருக்கிற சுவடே இல்லை. ஒரே சீராக ஓடுகிற சத்தத்தைத் தொல்லை என்று நினைத்து போன் அமுக்கிவிடுமாம். பேச்சை மட்டும்தான் அனுப்புமாம். "மூணு வாரமும் உங்க வீட்டுக்காரருக்குக் கேட்டது உங்க குரல் மட்டும்தாம்மா" என்றார்.

என் குரல் கேட்டிருக்கிறது. மூன்று வாரமும். அதைத்தான் நீங்கள் நம்பவில்லை.

பம்பை மாற்றியாகிவிட்டது. பழையதைத் தூக்கிப் போடவேண்டாம் என்று வாங்கிவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்திருக்கிறேன். அத்தை பார்த்துவிட்டு மிக்ஸி மோட்டாரா என்று கேட்டார். விளக்கினேன். "அவன் சொல்லட்டும்" என்று சாவியை முந்தானையில் இன்னும் இறுக்கி முடிந்துகொண்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறபோது வருகிற கோபமெல்லாம் உங்கள் மேல்தான்.

சாவியைக் கொடுக்கச் சொல்வது மட்டும் போதாது. பழுது பம்பில்தான், ஓட்டியவளிடம் இல்லை என்று அத்தையிடமும் அக்காவிடமும் உங்கள் வாயால் சொல்ல வேண்டும். என்னிடம் சொல்ல வேண்டியதை எழுத்தில் எழுதுங்கள். போனில் வேண்டாம்.

குளிர் அதிகம் என்றீர்களே, காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீக்கிரம் பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அம்மா