டாக்டர் வண்டி

சோலாப்பூர் பக்கம் ஒரு தாபா
14.7.2024

அன்பு மகள் தனப்பிரியாவுக்கு,

அப்பா எழுதுவது. அம்மா நலம், எருமை நலம். வண்டிக்கு மட்டும் லேசாகச் சளி, ஏற்றத்தில் இருமுகிறது. ஹாஸ்டலுக்கு வருகிற கடிதத்தை வார்டனம்மா பிரித்துப் படித்த பிறகுதான் பிள்ளைகளிடம் கொடுப்பார்களாம். அதனால் அவர்களுக்கும் ஒரு வணக்கம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் அம்மா. பத்தாவது கணக்கில் ரெண்டு தடவை கோட்டை விட்டுவிட்டு, மூன்றாவது தடவை பரீட்சைக்குப் போகிற வழியில் ஒரு லாரியில் கிளீனராக ஏறிக்கொண்டவன் நான். இன்னும் இறங்கவில்லை.

போனில் பேசலாம் என்றால் மாதத்தில் ஒரு ஞாயிறு, அதுவும் வரிசையில் நின்று என்கிறார்கள். அந்த ஞாயிறு நான் ஜவ்வரிசி மூட்டையோடு எந்தச் சீமையில் நிற்பேனோ. அதனால்தான் கடிதம்.

உன்னைக் கோச்சிங் ஹாஸ்டலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது அம்மா வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. "கொஞ்சத்துலதான போச்சு, இந்தத் தடவை நீட்டு அவளுக்குத்தான்" என்றேன். "நீங்களும் அடுத்த தடவை, அடுத்த தடவைன்னுதான் இருந்தீங்களாமா" என்றாள். அவள் பேசாமலே வந்திருக்கலாம்.

ஒரு விசேஷம். வண்டியை எப்.சி. சோதனைக்கு விட்டுப் புது பெயின்ட் அடித்தாயிற்று. முகப்புப் பலகையில் எப்போதும் உன் பெயர்தானே. இந்தத் தடவை பெயின்டர் காளிதாஸிடம், முன்னால் டாக்டர் என்று சேர்த்துக்கொள் என்றேன். "பாப்பா இன்னும் பாஸே ஆகலையேண்ணா" என்றான். "நீ எழுது, அது பாத்துக்கும்" என்றேன். மஞ்சள் எழுத்து, சிவப்பு நிழல். பக்கத்தில் ஸ்டெதஸ்கோப் ஒன்று வரைந்திருக்கிறான், பார்க்க நல்ல பாம்பு மாதிரி இருக்கிறது. இருந்தாலும் ஊரில் எல்லோரும் நின்று பார்க்கிறார்கள்.

ஹாஸ்டலைத் தாண்டும்போதெல்லாம் நீட்டி ஒரு ஹாரன் கொடுப்பேன். அப்பா போகிறார் என்று தெரிந்துகொள். தெம்பாகப் படி சாமி.

இப்படிக்கு,
டாக்டர் வண்டியின் டிரைவர்,
உன் அப்பா சின்னண்ணன்

*

ஹாஸ்டல்
25.8.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். சாம்பாரைத் தவிர எல்லாம் பழகிவிட்டது. என் பெஞ்சில் ரஞ்சிதா என்று ஒரு பிள்ளை, ஆட்டையாம்பட்டி. அவள் அம்மா கை முறுக்கு சுற்றுகிறவர். அவள் இருப்பதால் பொழுது போகிறது.

இங்கே வாராவாரம் டெஸ்ட். அந்த மார்க் வரிசைப்படிதான் அடுத்த வாரம் உட்கார வேண்டும். முதல் வரிசைக்கு ஃபேன் உண்டு. நான் வந்தபோது மூன்றாவது வரிசை. இப்போது இன்னும் கொஞ்சம் பின்னால். எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்பதை வைத்தே யார் எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

உங்களிடம் ரெண்டு விஷயம் கேட்க வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஹாரன் வேண்டாம் அப்பா. போன வாரம் டெஸ்ட் நடுவில் கேட்டது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துப் பலகையைப் படித்துவிட்டார்கள். அன்றிலிருந்து சார் கூட வரிசை மாற்றும்போது, "டாக்டரம்மா, இன்னும் பின்னால போங்க" என்கிறார்.

இன்னொன்று, அந்த டாக்டரை மட்டும் இப்போதைக்கு அழித்துவிடுங்கள். பாஸ் ஆனால் நானே காளிதாஸ் மாமாவிடம் வந்து எழுதச் சொல்கிறேன்.

அன்பு மகள்,
தனப்பிரியா

*

நாசிக் மார்க்கெட், வெங்காய லோடுக்காகக் காத்திருக்கும்போது
6.10.2024

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை அம்மா எடுத்து வைத்திருந்து கொடுத்தாள். ஹாரனை நிறுத்திவிட்டேன். இப்போது ஹாஸ்டலைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக ஓட்டுவதோடு சரி. பின்னால் வருகிறவன் திட்டுகிறான், திட்டட்டும்.

பலகை விஷயம்தான் கொஞ்சம் சிக்கல். காளிதாஸுக்குத் தீபாவளி வேலை தலைக்கு மேல். அது போக, எழுதின நல்ல வார்த்தையை அழிப்பது அபசகுனம் மாதிரி எனக்கு மனசு அடித்துக்கொள்கிறது. அதனால் உண்டாகிற கூத்தைக் கேள். சுங்கச்சாவடியில் ஒருத்தர் ஓடி வந்து, "பிரஷருக்கு மாத்திரை இருக்குங்களா" என்று கேட்டார். என்னிடம் இருந்தது வாந்திக்கான எலுமிச்சம்பழம் ஒன்றுதான். கொடுத்து அனுப்பினேன். பீஸ் வாங்கவில்லை.

பின் வரிசைக்குப் போனதற்கெல்லாம் மனசு விடலாமா? தொப்பூர் ஏற்றத்தில் முழு லோடோடு ஏறும்போது என்ன செய்வேன் தெரியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு மிதி, மிதி என்று மிதிப்பேன். அதே மாதிரி மிதி சாமி. உன் அப்பனுக்கு மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. உனக்காவது ஏறட்டும். பின் வரிசையில் இருந்தபடியே டாக்டர் ஆகிவிட்டேன் என்று நாளைக்கு நீ சொன்னால் எவ்வளவு பெருமை!

அப்பா

*

9.1.2025

அப்பாவுக்கு,

இது வார்டன் படிக்காத கடிதம். சமையல்கட்டில் வேலை செய்கிற பாப்பாயி அக்கா வெளியே கொண்டுபோய்ப் போடுகிறார்.

ரஞ்சிதா தீபாவளிக்குப் போனவள் திரும்பி வரவில்லை. நான் கடைசி வரிசைக்கு வந்துவிட்டேன் அப்பா. அது கூடப் பரவாயில்லை. புத்தகத்தைத் திறந்தால் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன், உள்ளே போக மாட்டேன் என்கிறது. சோறு இறங்குவதில்லை. விடியற்காலை மணி அடித்ததும் அழுகை வருகிறது, ஏன் என்று தெரியவில்லை. உன்னால் ஆகாது, ஆகாது என்று எனக்குள்ளேயே யாரோ நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கிறது.

நான் படிப்பை விடுகிறேன் என்று சொல்லவில்லை. கொஞ்ச நாள் மட்டும் வீட்டில் படுத்துக்கொள்கிறேன். யாரும் ஒன்றும் கேட்க வேண்டாம், அம்மா கையால் ரசம் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறேன். அப்புறம் நானே திரும்பி வந்துவிடுகிறேன்.

மிதி மிதி என்று எழுதியிருந்தீர்கள். சின்ன வயதில் லீவு விட்டால் வண்டியில் உங்கள் பக்கத்தில்தானே உட்கார்ந்து வருவேன்? தொப்பூரில் வண்டி சூடானால் நீங்கள் மிதித்து நான் பார்த்ததே இல்லை. ஓரம் கட்டுவீர்கள், சக்கரத்துக்குக் கல் கொடுப்பீர்கள், அது ஆறும் வரைக்கும் என்னிடம் கதை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். கிளீனர் அண்ணன் அவசரப்பட்டால், "அதுவும் மூச்சு வுடட்டும் தம்பி, அடிச்சு வெரட்டுனா நடுவழில நின்னுரும்" என்பீர்கள். வண்டிக்குச் சொன்னதை எனக்கும் சொல்லுங்கள் அப்பா.

பொங்கல் கழிந்து வருகிற ஞாயிறு பெற்றோர் வரலாம். அன்றைக்கு வந்து என்னைக் கூட்டிப்போய்விடுங்கள். பை கட்டி வைத்துக்கொண்டு வாட்ச்மேன் ரூம் பக்கம் நிற்பேன்.

தனப்பிரியா

*

வீடு, வையப்பமலை
21.1.2025

அன்பு மகளுக்கு,

அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்தேன் சாமி. வரவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. லோடை இறக்கிவிட்டு நேராக வந்து, வண்டியை ஹாஸ்டல் கேட்டுக்கு எதிரிலேயே நிறுத்தினேன்.

ஆபீஸில் பெரிய சாரைப் பார்த்தேன். இப்போது கூட்டிக்கொண்டு போனால் அந்தப் பிள்ளை திரும்பி வராது, இந்த மாதிரி நிறையப் பேரைப் பார்த்திருக்கிறோம், ரெண்டு நாளில் சரியாகிவிடும் என்றார். படித்தவர் சொல்கிறார். பத்தாவதைத் தாண்டாதவன் நான் என்ன சொல்ல? உன்னைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும், பார்க்காமல் போவதுதான் உனக்கு நல்லது என்றும் சொன்னார். அதனால் அம்மா கொடுத்த தூக்குப்போசியை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். ரசம் கொட்டாமல் வந்து சேர்ந்ததா?

வெளியில் நல்ல கூட்டம். எல்லோரும் பலகையைத்தான் பார்த்தார்கள். ஒரு அம்மா தன் மகளைக் கூப்பிட்டு, "பாரு, டிரைவர் ஊட்டுப் பொண்ணு டாக்டராம்" என்று காட்டியது. பம்பாய் சேட்டு கூட என்னை அப்படி மரியாதையாகப் பார்த்தது கிடையாது, போ.

மே மாதம் வரைக்கும்தான். பல்லைக் கடித்துக்கொள்.

அப்பா

*

வையப்பமலை
16.3.2025

அன்பு மகளுக்கு,

பதில் இல்லை. படிப்பு மும்முரம் என்று நினைக்கிறேன். மாதத்துப் போனில் அம்மாவிடம் பேசினாயாம். பக்கத்தில்தான் இருந்தேன், என்னிடம் கொடு என்று அம்மாவுக்கு ஜாடை காட்டினேன். அதற்குள் உனக்குப் பின்னால் வரிசை நின்றதாம்.

எருமை கன்று போட்டிருக்கிறது. கிடாரி. உன் சாயல் என்று சொன்னதற்கு அம்மா அடிக்க வந்தாள்.

அப்பா

*

ஆட்டையாம்பட்டி
22.6.2025

அப்பாவுக்கு,

ரிசல்ட்டை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். உங்களுக்கும் தெரிந்திருக்கும். பரீட்சை ஹாலில் பாதிக்கு மேல் எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஜன்னலில் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல மாதத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் மூச்சு சீராக வந்தது.

தேர்வு முடிந்து, அம்மாவிடம் சொல்லிவிட்டு ரஞ்சிதா வீட்டுக்கு வந்தேன். முதலில் தூங்கினேன், வெறும் தூக்கம். அவள் அம்மா எழுப்பவும் இல்லை, என்ன செய்யப் போகிறாய் என்று கேட்கவும் இல்லை. அப்புறம் நானாக எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்கு சுற்றப் பழகினேன். எனக்குச் சுற்று பாதியிலேயே விட்டுப்போகும். விட்டுப்போனதை மாவோடு சேர்த்துப் பிசைந்து, "மறுக்காச் சுத்து கண்ணு" என்பார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. இப்போது சேலத்துக் காலேஜில் தாவரவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்தே போய்வருவேன். நானே கேட்டு வாங்கிய படிப்பு.

ஒன்றை எழுதாமல் விட்டால் எனக்கு ஆறாது. அந்த ஞாயிறு பையோடு வாட்ச்மேன் ரூம் ஜன்னலுக்கு உள்ளேதான் நின்றிருந்தேன். நீங்கள் ஆபீஸிலிருந்து வெளியே வந்தீர்கள். வண்டியைச் சுற்றி நின்றவர்களில் ஒருத்தர், "உங்க பொண்ணு எந்தக் காலேஜுங்க" என்று கேட்டார். இன்னும் படிக்கிறாள், இங்கேதான் இருக்கிறாள் என்று சொல்லியிருக்கலாம். "சேலம் மெடிக்கல் காலேஜுங்க, இங்க சொந்தக்காரப் புள்ளயைப் பாக்க வந்தேன்" என்றீர்கள். அப்புறம் சிரித்துக்கொண்டே வாட்ச்மேனிடம் தூக்குப்போசியைக் கொடுத்தீர்கள். எனக்கும் உங்களுக்கும் நடுவில் ஒரு கம்பிதான் இருந்தது.

பெரிய சார் சொன்னதால் நீங்கள் என்னை விட்டுப் போகவில்லை அப்பா. பலகையில் இருந்த பிள்ளை இருக்கும்போது, பையோடு நிற்கிற பிள்ளையை எப்படி அத்தனை பேருக்கு முன்னால் வண்டியில் ஏற்றுவீர்கள்?

உன்னால் ஆகாது என்று எனக்குள் யாரோ சொல்வதாக எழுதியிருந்தேன் அல்லவா? அது உங்கள் குரல். நீங்கள் உங்களையே கேலி செய்துகொள்வீர்களே, மண்டையில் ஏறவில்லை, ஒன்றுக்கும் ஆகாதவன் என்று, அதே சிரிப்போடு அது என்னைப் பேசிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த இப்போதுதான் பழகுகிறேன். உங்கள் பக்கத்தில் இருந்தால் திரும்ப ஆரம்பித்துவிடும். அதனால் இப்போதைக்கு வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் போனில் பேசுகிறேன். நீங்கள் இங்கே வர வேண்டாம்.

பலகையிலிருந்து என் பெயரையும் எடுத்துவிடுங்கள். டாக்டரை மட்டும் இல்லை.

தனப்பிரியா

*

தொப்பூர்
10.8.2025

தனப்பிரியாவுக்கு,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே ஒரு வேடிக்கைப் பேச்சு வந்து நிற்கிறது. கிழித்துக் கிழித்துப் போட்டதில் இத்தனை நாள் ஆகிவிட்டது. எனக்கு வேறு மாதிரிப் பேச வராது என்று இப்போதுதான் தெரிகிறது.

காளிதாஸிடம் வண்டியைக் கொண்டுபோனேன். டாக்டரை அழித்தான், அந்தப் பாம்பை அழித்தான். பெயருக்கு வந்ததும் பிரஷை எடுத்துக்கொண்டு, "இதுவுமாண்ணா" என்று என்னைப் பார்த்தான். "அதுவுந்தான்" என்றேன். பலகை முழுக்கப் பச்சை அடித்தாயிற்று. வேறு என்ன எழுதட்டும் என்று கேட்டான். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். போகிற இடத்தில் எல்லாம், "புது வண்டிங்களா, பேரே போடலயா" என்று கேட்கிறார்கள். இல்லைங்க என்று மட்டும் சொல்கிறேன். கூட எதுவும் சேர்ப்பதில்லை.

சேலத்துக்கு வர ஆட்டையாம்பட்டி வழிதான் எனக்குக் குறுக்கு. இப்போது ராசிபுரம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

அம்மாவிடம் போனில் சிரிக்கிறாயாம். "எதுக்குச் சிரிச்சா" என்று கேட்டால், "அது எங்களுக்குள்ள" என்கிறாள். இருக்கட்டும்.

இன்றைக்கு ஏற்றத்தில் வண்டி கொதித்துவிட்டது. ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டு, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நீ சொன்ன மாதிரி நான் மிதிக்கவே இல்லை. கிளீனர் இறங்கிப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து, "ஆறிருச்சுங்க, போலாங்க" என்று சொல்லி நிறைய நேரம் ஆகிறது.

ஆறித்தான் போய்விட்டது. எனக்குத்தான் எழுந்திருக்கத் தோன்றவில்லை.

சின்னண்ணன்